பணம் எடுத்தால் வரியா? புதுவயல் மில் கணக்கோடு ஒரு பதில்

"நம்ம காசை நாமே எடுக்கிறதுக்கு எதுக்குய்யா வரி? இதென்ன கம்யூனிஸ்ட் நாடா?" என்பது ஒரு கட்சி. "வருஷத்துக்குக் கோடி ரூபாயை ரொக்கமாக எடுக்கிறவன் கொத்தனாரா, சித்தாளா? நல்லா பிடிக்கட்டும்" என்பது எதிர்க்கட்சி. காரைக்குடி செக்காலை ரோட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்த வாதத்தைக் கேட்கலாம். பிடிக்கிற தொகை என்ன, யாரிடம் பிடிக்கிறார்கள், அது எங்கே போகிறது என்பதை மட்டும் இரண்டு கட்சியும் பேசுவதில்லை.

முதலில் பாஸ்புக்கைப் பாருங்கள். ஏடிஎம்மில் பணம் எடுத்ததற்கு 27 ரூபாய் 14 காசு கழிந்திருக்கும். நம் ஊர் மெட்ரோ நகரம் அல்ல என்பதால் சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 தடவை, மற்ற வங்கி ஏடிஎம்மில் 5 தடவை இலவசம். அதைத் தாண்டினால் 2025 மே 1 முதல் தடவைக்கு 23 ரூபாய் வரை வாங்கலாம். அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆக 27.14-இல் அரசாங்கத்துக்குப் போவது 4.14 ரூபாய்தான், மிச்சம் வங்கிக்கு. இது கட்டணம். வாட்ஸப்பில் "பணம் எடுத்தால் வரி" என்று சுற்றுவதில் பாதி இந்தக் கழிவைப் பார்த்து எழுதியது.

உண்மையாகவே பணம் எடுப்பதற்கு வரி இருந்த காலமும் உண்டு. அதைக் கொண்டுவந்தவர் நம்ம கண்டனூர்க்காரர். 2005 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்தால் 0.1 சதவீதம் என்று அறிவித்தார். கூச்சல் எழுந்ததும் தனிநபர், இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 25,000 ரூபாய், மற்றவர்களுக்கு ஒரு லட்சம் என்று வரம்பை உயர்த்தி, சேமிப்புக் கணக்கை விட்டுவிட்டு, அந்த ஆண்டு ஜூன் 1 முதல் அமலாக்கினார்கள். கரண்ட் அக்கவுண்டில் 2 லட்சம் எடுத்தால் 200 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் திரும்பி வராது. ரொக்கம் எங்கே போகிறது என்று தடம் பிடிப்பதுதான் நோக்கம் என்று சொன்னார்கள். அதற்கு வேறு வழிகள் வந்துவிட்டன என்று அவரே 2008 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார். 2009 ஏப்ரல் 1-க்குப் பிறகு அப்படி ஒரு வரி இந்தியாவில் இல்லை.

அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2019 செப்டம்பர் 1 முதல் வந்தது வருமான வரிச் சட்டத்தின் 194-என் பிரிவு. இதற்குப் பெயர் டிடிஎஸ், அதாவது வங்கியே முன்கூட்டிப் பிடித்து உங்கள் வருமான வரிக் கணக்கில் கட்டிவிடும் தொகை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. 2025-26 நிதியாண்டு முடிய எடுத்த ரொக்கத்துக்கும், அதற்குப் போடும் ரிட்டர்னுக்கும் பழைய சட்டம்தான். அந்தக் கணக்கையே இங்கே சொல்கிறேன்.

ஒரு வங்கியில் ஒரு நிதியாண்டில் ஒரு கோடிக்கு மேல் ரொக்கம் எடுத்தால், மேற்பட்ட தொகைக்கு மட்டும் 2 சதவீதம் பிடிப்பார்கள். கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் 2023 ஏப்ரல் முதல் வரம்பு 3 கோடி. "ஒரு வங்கி" என்பதைக் கவனியுங்கள். ஒரு கணக்கோ ஒரு கிளையோ அல்ல, அந்த வங்கியில் உங்கள் பான் எண்ணில் உள்ள எல்லாக் கணக்கும் சேர்த்து. இங்கேதான் தனி உரிமையாளர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கடைக்கும் ஆளுக்கும் பான் ஒன்றுதான். கடையின் கேஷ் கிரெடிட் (வியாபாரக் கடன்) கணக்கில் 90 லட்சம் எடுத்துவிட்டு, மகள் கல்யாணத்துக்கு அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் 15 லட்சம் எடுத்தால், கணினி 1 கோடியே 5 லட்சம் என்று கூட்டி 10,000 ரூபாய் பிடிக்கும். ஏடிஎம்மில் எடுத்ததும் இதில் சேரும். கூட்டு வியாபாரமாக இருந்தால் ஃபர்முக்குத் தனி பான், பங்குதாரருக்குத் தனி பான், ஆகவே தனித்தனிக் கணக்கு.

இரண்டு வங்கியில் ஒவ்வொன்றிலும் 95 லட்சம் எடுத்தால் டிடிஎஸ் கிடையாது. சட்டப்படி அதில் தப்பும் இல்லை. ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கரண்ட் அக்கவுண்டில் ஆண்டுக்கு 50 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக எடுத்தாலே வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வருமான வரித் தளத்தில் உங்கள் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்கிப் பார்த்தால் அந்தத் தொகை உட்கார்ந்திருக்கும்.

ரிட்டர்னே போடாதவர்களுக்கு 2020 ஜூலை 1 முதல் பிடி இறுகியது. முந்தைய மூன்று வருஷங்களில் ஒன்றுக்குக்கூட ரிட்டர்ன் போடவில்லை என்றால் வரம்பு ஒரு கோடி அல்ல, 20 லட்சம். 20 லட்சத்துக்கு மேல் ஒரு கோடி வரை 2 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பெரிய வீட்டைப் பழுது பார்க்கிற ஆச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில். வரி கட்டும் அளவுக்கு அவருக்கு வருமானம் இல்லை, அதனால் ரிட்டர்னும் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு ஆட்களுக்கும் ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர்களுக்கும் கொடுக்க ஆண்டில் 45 லட்சம் ரொக்கமாக எடுக்கிறார். 25 லட்சத்துக்கு 2 சதவீதம், 50,000 ரூபாய் பிடிபட்டுவிடும். வரி பிடிக்க வேண்டாம் என்று வட்டிக்குக் கொடுப்பதுபோல 15-எச் படிவம் கொடுத்தால் விட்டுவிடுவார்களா என்று கேட்பார்கள். இந்தப் பிரிவுக்கு 15-ஜி, 15-எச் இரண்டும் செல்லாது. மூன்றில் ஒரு வருஷத்துக்காவது, கட்ட வேண்டிய வரி பூஜ்யம் என்று காட்டும் நில் ரிட்டர்ன் போட்டு வைத்திருந்தால் அவருக்கும் வரம்பு ஒரு கோடியாக இருந்திருக்கும். வருமானமே இல்லாத பெரியவர்களுக்கும் ரிட்டர்ன் போட்டு வையுங்கள் என்று ஆடிட்டர்கள் சொல்வது இதற்குத்தான், ஃபீஸுக்காக மட்டும் அல்ல.

இனி மில் கணக்கு. புதுவயல் பக்கம் ஒரு அரிசி ஆலை, தனி உரிமையாளர் என்று வைத்துக்கொள்வோம். நெல்லை விவசாயியிடம் களத்திலேயே வாங்கி ரொக்கம் கொடுக்கிறார், அரிசியை வியாபாரிக்கு அனுப்பிப் பணத்தை வங்கியில் வாங்குகிறார். ஆண்டுக்கு 4 கோடி ரொக்கம் எடுக்கிறார். லாபம் ஒன்றரை சதவீதம் நின்றால் 6 லட்சம்.

மாதம் 33 லட்சத்துச் சொச்சமாக எடுத்தால் ஜூன் கடைசியில் ஒரு கோடி நிறைந்துவிடும். ஜூலையிலிருந்து மாதம் ஏறத்தாழ 66,667 ரூபாய் பிடிப்பார்கள். மார்ச்சில் கூட்டிப் பார்த்தால் 6 லட்சம். அதாவது வருஷ லாபம் மொத்தமும். புதிய வரி முறையில் 2025-26-க்கு 12 லட்சம் வருமானம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் அவர் கட்ட வேண்டிய வரியோ பூஜ்யம்.

அந்த 6 லட்சம் போய்விடவில்லை. பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அவர் பெயரில் நிற்கும், ரிட்டர்ன் போட்டால் ரீஃபண்ட் வரும். ஆனால் எப்போது? டர்ன்ஓவர் ஒரு கோடிக்கு மேல், ரொக்கக் கொடுப்பனவு 5 சதவீதத்துக்கு மேல் என்பதால் ஆடிட் உண்டு. ஆடிட் கேஸுக்குக் கெடு அக்டோபர் 31. அன்றைக்கே ரீஃபண்ட் வந்துவிட்டதாக வைத்தாலும், சராசரியாக ஒவ்வொரு ரூபாயும் 11 மாதம் முடங்கியிருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்க 11 சதவீத வட்டிக்கு ஓடி (ஓவர்டிராஃப்ட்) எடுத்தால் வட்டி 60,500 ரூபாய். அரசாங்கம் ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீதம் வட்டி தரும், ஆனால் ஏப்ரல் 1-லிருந்துதான் கணக்கு. ஏழு மாதத்துக்கு 21,000. மிச்சம் 39,500 ரூபாய் மில்காரரின் கைநஷ்டம். அரசாங்கத்துக்கு இதில் ஒரு பைசா வரி கிடைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. போனது வங்கி வட்டியாக.

இதற்கு விலக்கு இருக்கிறது. வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தில் பதிவு பெற்று, சந்தைக் குழுவின் கீழ் வியாபாரம் செய்யும் கமிஷன் ஏஜென்ட், வியாபாரிகளுக்கு ஒரு கோடிக்கு மேலும் டிடிஎஸ் பூஜ்யம் என்று 2019 செப்டம்பரிலேயே அறிவிக்கை வந்தது. தானாக நடக்காது. விளைபொருள் வாங்கிய வகையில் விவசாயிக்குக் கொடுக்கவே எடுக்கிறேன் என்று சான்று எழுதி, பான் விவரத்தோடு கிளையில் கொடுக்க வேண்டும். வங்கி சரிபார்த்து ஏற்க வேண்டும். சந்தைக் குழுவின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடப் பதிவு இல்லாமல் நேராகக் களத்தில் வாங்குகிற மில்லுக்கு இது பொருந்தாது. மண்டிக்காரர் தப்பிவிடுவார், மில்காரர் மாட்டிக்கொள்வார். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லி வருமான வரி அதிகாரியிடம் 197-ஆவது பிரிவில் சான்றிதழ் வாங்கலாமே என்றால், அந்தப் பட்டியலில் 194-என் சேர்க்கப்படவில்லை.

ரொக்கத்தைக் குறைப்பதே கெட்டிக்காரத்தனம். விவசாயியிடம் நேராக வாங்கும் விளைபொருளுக்கு ஒரு நாளைக்கு 10,000-க்கு மேல் ரொக்கம் கொடுத்தாலும் அதைச் செலவாக ஏற்க மறுக்க மாட்டார்கள், அதற்கு வருமான வரி விதிகளில் 6டிடி-யில் இடம் இருக்கிறது. ஆனால் ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ மேலோ ரொக்கமாக வாங்கிய விவசாயிக்கு அதே அளவு அபராதம் வரலாம். கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. இதை எடுத்துச் சொன்னால் பெரிய விவசாயிகள் அக்கவுண்ட் நம்பரைத் தாங்களாகவே நீட்டுவார்கள்.

பிடித்த பணத்தைத் திரும்ப வாங்குவதில் தவறும் இடங்கள் தனி. ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தில் போட முடியாது. 194-என்னில் பிடிபட்டவருக்கு அந்தப் படிவம் கிடையாது. பென்ஷன், வட்டி மட்டும் உள்ளவரானாலும் ஐடிஆர்-2 போக வேண்டும். வங்கி தவறான பான்னில் கட்டியிருந்தால் 26ஏஎஸ்-இல் ஒன்றும் தெரியாது. கிளை மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, பிடித்த டிடிஎஸ்ஸுக்கு வங்கி அனுப்பும் 26-க்யூ அறிக்கையில் திருத்தம் போட வேண்டும், அதை எழுத்தில் கேளுங்கள். பிடித்த தொகையை வருமானமாகக் காட்டாதீர்கள். மற்ற டிடிஎஸ் போல இதற்குப் பின்னால் வருமானம் கிடையாது, சட்டமே அப்படிச் சொல்கிறது. பிடித்த ஆண்டிலேயே கேட்டாக வேண்டும், அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியாது. தாமத ரிட்டர்னுக்கும் டிசம்பர் 31 கடைசி. அப்புறம் போடும் புதுப்பித்த ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க இடமில்லை.

இப்போது அந்த டீக்கடை வாதம். செட்டிநாட்டுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால்வாசி நகரத்தார் (செட்டியார்கள்) கையில் இருந்தது. பெரும்பாலும் கடனுக்கு ஈடாக வந்தது. 1948-இல் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம், 1962-இல் நெ வின் ஆட்சி, 1963-இல் வங்கிகள் அரசுடைமை, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது. அரசாங்கம் எடுத்துக்கொள்வது என்றால் அதுதான். 1937-இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கி, முதல் நாளே காரைக்குடியிலும் ரங்கூனிலும் கிளை திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1969 ஜூலை 19 அன்று மற்ற 13 வங்கிகளோடு அரசுடைமையானது. அதே மண்ணில் சிராவயலில் ஆசிரமம் நடத்தி, பிறகு பொதுவுடைமை இயக்கத்தின் தலைவரானவர் ஜீவா. ஆக இரண்டு பக்கமும் வாதாட இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் 194-என்னை சோசலிசம் என்று திட்டுவதும் புகழ்வதும் ஒரே தப்பு. சோசலிச வரி என்றால் இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குப் போக வேண்டும். இதில் 50 கோடி சொத்து உள்ளவர் எல்லாவற்றையும் ரொக்கமில்லாமல் ஆர்டிஜிஎஸ்ஸில் (வங்கிக்கு வங்கி மாற்றி) நகர்த்தினால் ஒரு ரூபாய் பிடிபடாது. முதலாளித்துவ வாதப்படி பார்த்தாலும், சந்தையில் ரொக்கம் கேட்கிற விவசாயிக்கு ரொக்கம் கொடுப்பவரின் நடைமுறை மூலதனத்தை முடக்குகிறது. இது ரொக்கத்தின் மேல் போட்ட வேலி, சொத்தின் மேல் அல்ல. பிரேசில் 1997 முதல் 2007 வரை வங்கிக் கணக்கிலிருந்து போகும் பணத்துக்கு வரி போட்டு, 0.38 சதவீதம் வரை ஏற்றி, பெரும்பகுதியை மருத்துவத்துக்கு ஒதுக்கியது. அதை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், ஆனால் வரியென்று பெயர் சொல்லி வாங்கியது, கணக்குக் காட்டியது. சிதம்பரம் போட்ட 0.1 சதவீதமும் அப்படித்தான். மில்காரர் கணக்கில் வைத்துப் பாருங்கள். கரண்ட் அக்கவுண்டில் எடுத்த 4 கோடிக்கு அந்தப் பழைய வரி 40,000 ரூபாய். இன்றைய "வரியே அல்லாத" பிடித்தம் அவருக்கு வைக்கும் நஷ்டம் 39,500. அன்றைக்கு அந்தப் பணம் அரசாங்கக் கஜானாவுக்காவது போயிருக்கும்.

விகிதத்தை அரை சதவீதமாக்கினாலும் தடம் அப்படியே கிடைக்கும், ஏனென்றால் தடம் கிடைப்பது பான் எண்ணாலும் வங்கி அனுப்பும் அறிக்கையாலும். அதுவரை மில்காரர்கள் ஏப்ரல் மாதமே ஒழுங்குமுறை விற்பனைக் கூடப் பதிவுக்கு மனுப் போட்டு, சான்றைக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஒரு கோடி தாண்டிய பிறகு கொடுத்தால், அதற்குள் பிடித்ததை வங்கி திருப்பித் தராது.