சனிக்கிழமைச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை ஜெபமும்

திருப்பூர் பவர் டேபிள்களில், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்களில், சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். மறுநாள் காலை ஆராதனை. தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற பீஸ் ரேட்டில் கணக்கு எழுதும் காண்ட்ராக்டர் விசுவாசியாகவும் இருந்தால், எழுதிய தப்பைச் சரிசெய்ய இடையில் கிடைப்பது ஒரே ராத்திரி.

டைலரின் துண்டுச்சீட்டில் 46 டஜன். காண்ட்ராக்டரின் நோட்டில் அதே வாரத்துக்கு 40. கேட்டால், "கணக்குல தப்பு நடந்து போச்சுங்க" என்பார்கள். அந்தப் பேச்சில் தப்பு இருக்கிறது, செய்த ஆள் இல்லை. பாவ அறிக்கை பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பைபிளில் வரும் ராஜாக்கள் சவுலும் தாவீதும் இரண்டு பேருமே "பாவஞ்செய்தேன்" என்றவர்கள். ஆனால் அழிக்கச் சொல்லியிருந்த ஆடுமாடுகளைத் தப்பவைத்தது ஜனங்கள் என்று சொல்லிப் பார்த்த பிறகே சவுல் அந்த வார்த்தைக்கு வந்தான். வந்த பிறகும் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணச் சொன்னான். பாவத்தைச் சுட்டிக்காட்டிய நாத்தான் தீர்க்கதரிசிக்கு முன்னால் தாவீது யாரையும் கைகாட்டவில்லை. கம்பெனி பில் தாமதமாகிறது, ரேட்டில் போட்டி, எல்லாம் நிஜம்தான். 46ஐ 40 ஆக்கிய கை யாருடையது என்பது மட்டும் அதனால் மாறாது.

அடுத்தது பணம். பைபிளில் லேவியராகமம் 6ம் அதிகாரமும் எண்ணாகமம் 5ம் அதிகாரமும் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரே அளவைச் சொல்கின்றன: முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும். டஜனுக்கு 18 ரூபாய் கூலி என்று வையுங்கள். வாரம் 6 டஜன் குறைத்தால் 108 ரூபாய். பத்து வாரத்துக்கு 1,080. ஐந்தில் ஒரு பங்கு 216. ஆக 1,296 ரூபாய். மன்னிப்புக்கு இது விலை அல்ல. வரி வசூலித்த சகேயு நாலத்தனையாய் (நாலு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்றது இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது. பணம் டைலருடையது. அவரும் இல்லை, வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லை என்றால்தான் எண்ணாகமம் அதை ஆசாரியனிடம் அனுப்புகிறது. டைலர் கணக்கு முடித்து ஊருக்குப் போயிருந்தாலும் கூடவேலை செய்த கைமடியிடம் (உதவியாளிடம்) போன் நம்பர் இருக்கும், ஜிபேயில் அனுப்பலாம். இன்னொன்று தீபாவளி போனஸோடு சேர்த்துக் கொடுப்பது. கடனைத் தர்மமாகக் காட்டும் வேலை அது. வாங்கியவர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார். எனக்கு இதுதான் முதலாவதை விட மோசமாகப் படுகிறது.

சொல்ல வேண்டியது ரொம்பக் கொஞ்சம். "தம்பி, பத்து வாரமா உங்க கணக்குல ஆறாறு டஜன் நான் குறைச்சு எழுதினனுங்க. இது உங்க பணம்." ஆனால், அதனால், என்று எதையும் பின்னால் ஒட்டக் கூடாது. "மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க" என்று நெருக்கவும் கூடாது. அவர் கோபப்பட்டுத் திரும்பிப் போனாலும் பணம் அவருடையதே.

அடுத்த சனிக்கிழமை துண்டுச்சீட்டையும் நோட்டையும் ஒரே மேசையில் விரித்து, டைலர் வாசிக்க வாசிக்க எண்ணை எழுதி, பக்கத்திலேயே அவர் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும்.