"அது அவர் படிச்ச ஸ்கூலாச்சே!"

எல்கேஜி அட்மிஷன் நடக்கும் மாதங்களில் சென்னையில் பெற்றோர் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அந்த 'அவர்' வீட்டுக்கு வீடு மாறுவார். ஒரு வீட்டில் சுந்தர் பிச்சை, இன்னொரு வீட்டில் விஸ்வநாதன் ஆனந்த், கிரிக்கெட் பார்க்கும் வீட்டில் அஸ்வின். மகளுக்குப் பள்ளி தேடியபோது எங்கள் வீட்டிலும் இது ஓடியது. "பெரிய ஆள் வந்த இடத்துல ஏதாவது விஷயம் இருக்கும்மா" என்பது மாமனார் கட்சி. நான் படித்ததே சுவர் முழுக்கப் பிரபலங்களின் படம் மாட்டிய பள்ளியில்தான். அதனால் என் கட்சி வேறு.

முதலில் பிச்சை கதையைப் பார்ப்போம். 2015இல் அவர் கூகுளின் தலைவராக அறிவிக்கப்பட்டதும், விக்கிப்பீடியாவில் அவர் படித்த பள்ளியின் பெயரை ஆளாளுக்கு மாற்றி எழுதத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான திருத்தங்கள். ஊரில் உள்ள பாதிப் பள்ளிகள் அவருக்குச் சொந்தம் கொண்டாடின. அவர் படித்தது அசோக் நகர் ஜவஹர் வித்யாலயாவில். கடைசி இரண்டு வருடம் சென்னை ஐஐடி வளாகத்துக்குள் இருக்கும் வன வாணியில். கரக்பூர் ஐஐடியில் அவர் பட்டம் வாங்கியதே 1993இல் என்றால், பள்ளி முடித்தது எப்போது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றிருப்பார்கள். பாடத்திட்டம் மாறிவிட்டது, நிர்வாகத்தில் அடுத்த தலைமுறை வந்திருக்கலாம். மிஞ்சியிருப்பது பெயர்ப் பலகைதான்.

ஆனந்த் எழும்பூர் டான் போஸ்கோவில் படித்தவர். ஆனால் அவருக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தது அம்மா. அதன்பிறகு அவர் விளையாடி வளர்ந்தது சென்னை சோவியத் கலாசார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்பில். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதில் பள்ளிக்கு எவ்வளவு பங்கு, கிளப்புக்கும் வீட்டுக்கும் எவ்வளவு என்று எந்த பிராஸ்பெக்டஸும் பிரித்துச் சொல்லாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பழைய மாணவர்தான் அளவுகோல் என்றால், சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை படித்த அரசுப் பள்ளி வாசலிலும், சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் படித்த விழுப்புரம் ரயில்வே பள்ளி வாசலிலும், கலாம் படித்த ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி வாசலிலும் விடிகாலையிலேயே வரிசை நிற்க வேண்டும். நிற்கிறதா? அங்கே மட்டும் "அது அவரோட திறமைங்க" என்கிறோம். அதிக ஃபீஸ் வாங்கும் பள்ளி என்றால் "ஸ்கூல்தான் உருவாக்கிச்சு" என்று ஆகிவிடுகிறது.

அப்படியானால் முன்னாள் மாணவர் பட்டியலை மொத்தமாக ஒதுக்கிவிடலாமா? அதுவும் சரியில்லை. செஸ் வீரர்கள் பிரக்ஞானந்தாவும் குகேஷும் படித்தது சென்னை வேலம்மாள் குழுமப் பள்ளிகளில். இருவரும் பன்னிரண்டு வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர்கள். குகேஷ் 2024 டிசம்பரில், பதினெட்டு வயதில், சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியனும் ஆனார். ஒரே துறை, அண்மைக் காலம், ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள். இது தற்செயல் இல்லை. ஆனால் அந்தப் பள்ளிகள் செய்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பின்னாளில் பயிற்சி கொடுத்த முக்கியப் பயிற்சியாளர்கள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். குகேஷின் அப்பா, காது மூக்கு தொண்டை மருத்துவர், தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு மகனோடு போட்டி போட்டியாக அலைந்தார். பையன் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவே இல்லை. பள்ளி கொடுத்த முக்கியமான உதவி அதுதான்: வகுப்புக்கு வராததைக் குற்றமாக்காமல் விட்டது. உங்கள் பிள்ளை நீச்சலிலோ பரதநாட்டியத்திலோ தீவிரமாக இருந்தால் இது பெரிய விஷயம். பெயரும் பதக்கமும் இல்லாத ஆரம்ப வருடங்களிலும் இதே சலுகை உண்டா என்று கேளுங்கள். மாநில அளவில் ஜெயித்த பிறகு கிடைக்கும் சலுகையை எந்தப் பள்ளியும் கொடுக்கும்.

இனி நாங்கள் என்ன பார்த்தோம் என்பது. போன இடத்திலெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான்: "மூணாம் வகுப்பு கணக்கு நோட்டு ஒண்ணு பார்க்கலாமா?" பெரிய பெயர் உள்ள ஒரு பள்ளியில், வரவேற்பறைச் சுவரில் ஒரு நடிகரும் ஒரு ஐஏஎஸ் அதிகாரியும் சிரித்துக்கொண்டிருக்க, அட்மிஷன் பார்ப்பவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பாலிசி இல்ல மேடம்" என்றார். டிஜிட்டல் போர்டைக் காட்டினார்கள், குதிரையேற்றம் இருப்பதைச் சொன்னார்கள். நோட்டு கடைசிவரை வரவில்லை.

அதிகம் பேர் கேள்விப்படாத இன்னொரு பள்ளியில், மிஸ் ஒருவர் மேஜை மேல் இருந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, அட்டையில் இருந்த பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு விரித்துக் காட்டினார். 52இலிருந்து 17ஐக் கழித்து 45 என்று எழுதியிருந்தது குழந்தை. கடன் வாங்கிய பிறகு 5ஐ 4 ஆக்க மறந்துவிட்டது. வெறும் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு விடவில்லை மிஸ். 5க்கு மேலே சின்னதாக 4 எழுதி, பக்கத்திலேயே 74 – 28 என்று புதிதாக ஒரு கணக்குக் கொடுத்திருந்தார். அதற்குக் குழந்தை 46 என்று சரியாகப் போட்டிருந்தது. அதற்கு ஒரு டிக். எனக்கு அந்த ஒரு பக்கம் போதுமாக இருந்தது.

நோட்டு கிடைக்காவிட்டாலும் பார்ப்பதற்கு வேறு வழி உண்டு. சிபிஎஸ்இ பள்ளி என்றால் அதன் இணையதளத்தில் 'மேண்டடரி பப்ளிக் டிஸ்க்ளோஷர்' என்ற பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். ஆசிரியர் எண்ணிக்கை, ஒரு செக்‌ஷனுக்கு எத்தனை ஆசிரியர், சிறப்புக் கல்வியாளர் இருக்கிறாரா, கடைசி மூன்று வருட பொதுத் தேர்வு முடிவு, தீயணைப்புச் சான்று எல்லாம் அதில் போட்டாக வேண்டும். பழைய மாணவர் பக்கம் பளபளவென்று இருந்து, இந்தப் பக்கம் மட்டும் திறக்காமல் அடம் பிடித்தால் உஷாராகிவிடுங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. அந்தப் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு, உங்களிடம் கேட்பது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிளை விஷயம் தனி. பிரபலம் படித்தது நகரத்துக்குள் இருக்கும் பழைய பள்ளியாக இருக்கும். நமக்கு இடம் கொடுப்பது புறவழிச்சாலைப் பக்கம் போன வருடம் திறந்த கட்டடமாக இருக்கும். சுவரில் இருப்பது அதே படம்தான். கிளைக்கென்று தனி ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் மூன்று வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் யார் என்று கேட்டுவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளி மாற்றுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வேறு பள்ளியில் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை ஃபீஸ் குறைத்துச் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து பேனரில் போடுவது இங்கே பழைய வழக்கம். அதனால் சாதித்தவர் எல்கேஜியிலிருந்து அங்கேயே படித்தாரா, கடைசி இரண்டு வருடம் மட்டுமா என்று கேளுங்கள். முடிந்தால் மார்க் நடுவாந்தரமாக இருக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். மதியம் வேன் நிற்கும் இடத்தில் அவர்கள் கிடைப்பார்கள்.

பழைய மாணவர் தொடர்பால் வேலை கிடைக்கும், சிபாரிசு கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் கைகொடுத்தவர்கள் கூடப் படித்தவர்கள்தான். சுவரில் இருந்த பெரிய மனிதர் ஆண்டு விழாவுக்கு வந்து, நாங்கள் வெயிலில் உட்கார்ந்திருக்க, பேசிவிட்டுப் போனார்.

மாமனாரோடு கடைசியில் எப்படி உடன்பாடு வந்தது என்று கேட்கிறீர்களா? அந்தப் பெரிய பள்ளி வேன் காலை 6:40க்கே தெருமுனைக்கு வருமாம். குழந்தையை ஐந்தரைக்கு எழுப்ப வேண்டும் என்றதும் அவரே "வேண்டாம்மா" என்றுவிட்டார்.