மை அல்ல, பெயிண்ட்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 ஆறு ஆண்டுகளாகச் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது. 1994ஆம் ஆண்டு வண்டி. எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்த்ததோடு நான் நிறுத்தியிருக்கலாம். எஞ்சின் மேலிருந்த பழைய வெள்ளிப் பூச்சு பொரிந்து பொரிந்து உதிர்வதைப் பார்க்கச் சகிக்காமல், கறுப்பு அடித்துவிடலாம் என்று இறங்கினேன். பழுது பார்க்க இரண்டு வாரம். பெயிண்டுக்கு மூன்று மாதம்.

முதல் தவறு கடையிலேயே நடந்தது. ஜே.சி. ரோட்டில் வெப்பம் தாங்கும் பெயிண்ட் கேட்டேன். 400 மில்லி ஸ்பிரே டப்பா ஒன்றை எடுத்து வைத்தார்கள். முன்புறம் கொட்டை எழுத்தில் 600 டிகிரி என்று இருந்தது. அதைப் பார்த்த மயக்கத்தில் டப்பாவைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. காற்றில் குளிரும் இந்த மாதிரி எஞ்சினின் ஹெட், அதாவது சிலிண்டரின் மேல் மூடி, 200 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் போவதில்லை. 600 டிகிரி எல்லாம் சைலன்சர் குழாய்க்குத்தான் பேச்சு.

மொட்டை மாடியில் வைத்து அடித்தேன். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தது. பார்க்க அவ்வளவு அழகு! வண்டியில் பூட்டி, பெட்ரோல் குழாயைத் திறந்தேன். கார்புரேட்டரில் மிதவை ஒட்டிக்கொண்டு பெட்ரோல் பொங்கி எஞ்சின் மேல் வழிந்தது. துணியால் துடைத்தேன், கறுப்பும் சேர்ந்து வந்தது.

எங்கள் தெரு மெக்கானிக் வேலூர்ப் பக்கத்துக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கட்டைவிரலைப் பெட்ரோலில் நனைத்து, எஞ்சினின் பக்க மூடியான கிளட்ச் கவரில் ஒரு தேய் தேய்த்தார். விரலைத் திருப்பிக் காட்டி, “இது பெயிண்ட் இல்லை தம்பி, மை. கைநாட்டு வைக்கலாம்” என்றார்.

அன்றிரவுதான் டப்பாவின் பின்புறத்தைப் படித்தேன். இது சிலிகோன் பிசின் கலந்த பெயிண்ட். வெயிலில் காய்வது கைக்கு ஒட்டாத அளவுக்கு மட்டும். 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வெந்தால்தான் பிசின் கெட்டிப்படும். அதுவரை பெட்ரோல் பட்டால் கரையும். எஞ்சினை ஓட்டியே வேகவைத்துவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். ஹெட்டுக்கு வேண்டுமானால் அது ஓரளவு பொருந்தும். கிளட்ச் கவரும் மறுபக்க மூடியான மேக்னெட் கவரும் அந்தச் சூட்டைக் காண்பதே இல்லை. சூடு தாங்கும் பெயிண்ட், சூடாகாத இடத்தில் ஆயுள் முழுக்கப் பச்சையாகவே கிடக்கும். இந்த ஒரு விஷயத்தை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு டப்பாக் காசு மிஞ்சியிருக்கும்.

வீட்டு ஓவனில் வைக்கலாமே என்று தோன்றியது. வைக்கவில்லை. மனைவி பார்த்த பார்வை ஒரு காரணம். வேகும்போது வரும் புகை படிந்த ஓவனில் பிறகு எதையும் சமைத்துச் சாப்பிடக் கூடாது என்பது இன்னொன்று.

பீனியாவில், பெயிண்டைப் பொடியாகத் தூவி ஓவனில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங் பட்டறை ஒன்றுக்குப் போனேன். எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிடும் எண்ணம். பட்டறைக்காரர் கவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தார். பவுடர் மின்னேற்றத்தால் ஒட்டுவது. எஞ்சின் சூட்டைக் காற்றில் விடத் தட்டுத் தட்டாக நிற்கும் ஃபின்களின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும், அடிப்பள்ளத்துக்குள் இறங்காது. 60 முதல் 80 மைக்ரான் வரை கனமும் உண்டு. ஃபின்களுக்கு அது போர்வை. கவர்களுக்கோ அதுவே கவசம், பெட்ரோலும் கல்லும் பட்டாலும் எளிதில் அசையாது. ஆக, கவர்களுக்குப் பவுடர், சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் சிலிகோன் பெயிண்ட் என்று முடிவானது. சிலிண்டரை வேகவைக்கத் தன் ஓவனிலேயே ஒரு மூலை தருவதாகவும் சொன்னார்.

பழைய பெயிண்டை உரிப்பதில் இன்னொரு கூத்து. குழாய் அடைப்புக்கு வாங்கி வைத்திருந்த காஸ்டிக் சோடாவில் மேக்னெட் கவரை ஊறப்போட்டேன். பெயிண்ட் போனது உண்மைதான். கூடவே அலுமினியமும் நுரைத்துக் கறுத்துப் போனது. காஸ்டிக் சோடா இரும்புக்குச் சரி, அலுமினியத்தைத் தின்றுவிடும். சிவாஜிநகரில் பழைய சாமான் விற்கும் குஜிரிக் கடைகளில் அரை நாள் அலைந்து வேறு கவர் வாங்கினேன். மற்றவற்றை பெயிண்ட் ரிமூவர், கம்பித் தூரிகை, உப்புத்தாள் கொண்டு பொறுமையாக உரித்தேன்.

சிலிண்டரையும் ஹெட்டையும் தின்னரால் கழுவி, பளிச்சென்று பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர், பெயிண்ட் அடிப்பதற்கு முன் வெறுமனே ஒருமுறை சூடாக்கிப் பார்க்கச் சொன்னார். ஓவன் கதவைத் திறந்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. சைலன்சர் பூட்டும் வாய் ஓரத்திலும் ஃபின்களின் இடுக்கிலும் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக எண்ணெய் வியர்த்திருந்தது. முப்பது வருட டூ ஸ்ட்ரோக் ஆயில், வார்ப்பின் நுண்துளைகளில் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் அடித்திருந்தால் அத்தனையும் கொப்புளமாகியிருக்கும். ஆறவிட்டுக் கழுவி மறுபடி சூடாக்கினோம். மூன்றாம் முறைதான் வியர்வை நின்றது. அதன் பிறகு வெறுங்கையால் தொடவே இல்லை.

ஸ்பார்க் பிளக் துளை, கேஸ்கெட் உட்காரும் முகம், உள்ளே பிஸ்டன் ஓடும் இரும்பு லைனர் எல்லாவற்றையும் டேப்பால் மூடினேன். சாதாரண பிரைமர் இந்தச் சூட்டில் கருகும் என்பதால் அடிப்பூச்சு கிடையாது. முதலில் ஃபின்களின் அடி, பிறகு ஓரம். மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையே கால் மணி நேரம். கனமாக அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே தின்னர் சிக்கிக்கொள்ளும். மறுநாள் டேப்பை உரித்துவிட்டு 100 டிகிரியில் அரை மணி, அப்புறம் 200 டிகிரியில் ஒரு மணி. ஆறியதும் லைனரில் எண்ணெய் தடவினேன், இல்லாவிட்டால் பெங்களூர் மழைக்காலத்தில் ஓரிரவில் துருப்பிடிக்கும்.

வண்டியைப் பூட்டி முடித்த அன்று அண்ணன் வந்தார். ஒன்றும் பேசாமல் கட்டைவிரலைப் பெட்ரோலில் நனைத்தார். ஹெட்டில் தேய்த்தார், கவரில் தேய்த்தார், சைலன்சர் வாய் ஓரத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் சட்டையில் துடைத்துக்கொண்டார். சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது, கறுப்பு இல்லை.