நீதிபதி ஐர்டெல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் எழுதிய கடிதங்கள்: நான் படித்த விதம்

சட்டசபை போட்ட சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணாக இருந்தால் நீதிமன்றம் அதைத் தள்ளிவிடலாம். இதைச் சொன்னதும் நம்மூர்ச் சட்டக் கல்லூரிகளில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் மார்பரி வழக்கு, 1803, தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் என்று ஒப்பிப்போம். மதுரையில் நானும் அப்படித்தான் படித்தேன். அதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 1787 ஆகஸ்ட் 26 தேதியிட்ட ஒரு தனிக் கடிதத்தில் இதே வாதம் முழுதாக இருக்கிறது என்று வட கரோலினாவுக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது. எழுதியவர் எடென்டன் என்ற சின்னத் துறைமுக ஊரின் வக்கீல் ஜேம்ஸ் ஐர்டெல். பெற்றவர் ரிச்சர்ட் டாப்ஸ் ஸ்பெயிட். அப்போது அவர் பிலடெல்பியாவில், அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதிக்கொண்டிருந்த மாநாட்டில் உட்கார்ந்திருக்கிறார். வட கரோலினாவின் நியூபெர்ன் ஊரில் கூடிய நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் மாநிலச் சட்டத்தையே செல்லாது என்று ஒதுக்கியதில் அவருக்குக் கோபம். அந்த வழக்கில் ஒரு தரப்புக்கு ஆஜரான ஐர்டெல் பதில் எழுதுகிறார்.

இந்த ஒரு கடிதத்தைத் தேடிப் போனவள், அவருடைய குடும்பக் கடிதங்களையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் எழுந்தேன். இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஆள் யார் என்பது முதலில். 1751ல் இங்கிலாந்தில் பிறந்தார். வியாபாரியான அப்பா உடல்நலம் கெட்டு நொடித்துப்போக, உறவினர்கள் பிடித்துக் கொடுத்த சுங்கத்துறை வேலைக்காக 17 வயதில் எடென்டன் வந்து இறங்கினார். அந்த வேலையின் சம்பளம் பெற்றோருக்குப் போனது. இவர் கட்டண வருமானத்தில் காலம் தள்ளினார். சாமுவேல் ஜான்ஸ்டனிடம் சட்டம் படித்தார், அவருடைய தங்கை ஹன்னாவை 1773ல் மணந்தார். பிரிட்டனுக்கு எதிரான புரட்சி வந்தபோது அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் நின்றார். ஜமைக்காவில் பணக்காரராக இருந்த சித்தப்பாவின் சொத்து அதனால் கைவிட்டுப் போனது. 1790ல் ஜார்ஜ் வாஷிங்டன் அவரைப் புதிய சுப்ரீம் கோர்ட்டின் ஆறு நீதிபதிகளில் ஒருவராக நியமித்தார். 1799 அக்டோபர் 20 அன்று, 48 வயதில், எடென்டனிலேயே இறந்தார்.

கடிதங்கள் ஓரிடத்தில் இல்லை. பெரும் பகுதி டர்ஹாமில் டியூக் பல்கலைக்கழகத்தின் ரூபன்ஸ்டைன் நூலகத்தில். இன்னும் பல ராலேயில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில். மனைவி வீட்டாரான ஜான்ஸ்டன் குடும்பத்தின் ஆவணங்கள் சேப்பல் ஹில்லில். மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பது என் அதிர்ஷ்டம். முதலிலேயே மூலக் கடிதத்தைப் பார்க்கப் போகவேண்டாம். அச்சில் வந்ததிலிருந்து தொடங்குங்கள். ஐர்டெலின் பேத்தியை மணந்த கிரிஃபித் மெக்ரீ 1857, 1858 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக இந்தக் கடிதங்களை வெளியிட்டார். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சில கடிதங்களுக்கு மூலம் காணாமல்போய் அந்த அச்சு மட்டுமே மிச்சம், அந்த வகையில் மெக்ரீக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அவர் குடும்ப மருமகன். தாத்தாவைச் சிலையாக நிறுத்தும் ஆசை அவருக்கு இருந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் மாநில அரசு புதிதாகப் பதிப்பித்த தொகுதிகளும், சுப்ரீம் கோர்ட்டின் முதல் பத்தாண்டுகளுக்கான எட்டுத் தொகுதி ஆவண வரலாறும் அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்க்கின்றன. அந்த எட்டில் இரண்டாவதும் மூன்றாவதும் நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரித்ததைப் பற்றியவை. அவை இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளாமல் மூலத்துக்குப் போனால் திணறிவிடுவோம்.

ரூபன்ஸ்டைன் வாசிப்பறைக்குள் நுழையப் பல்கலைக்கழக ஆளாக இருக்கவேண்டியதில்லை. இணையத்தில் பதிவு செய்து, வேண்டிய பெட்டியை முன்கூட்டியே கேட்டு வைத்து, போட்டோ உள்ள அடையாள அட்டையோடு போனால் போதும். பெட்டிகள் வெளிக் கிடங்கிலிருந்து வரவேண்டியிருக்கலாம், ஆகவே காலையில் நினைத்து மதியம் போகமுடியாது. பை, தண்ணீர் பாட்டில், பேனா எல்லாம் லாக்கரில். பென்சில், லேப்டாப், போன் உள்ளே வரலாம், ஃபிளாஷ் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர்தான் மேசையில் இருக்கவேண்டும், தாள்களின் வரிசை மாறக்கூடாது. கையுறை கேட்கமாட்டார்கள், கை சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால் சரி. ஒரு வெளியூர்க்காரி 230 வருஷத்துக் கடிதத்தைக் கையில் எடுத்துப் படிக்க இவ்வளவுதான் நிபந்தனை என்பது எனக்கு இன்னமும் பெரிய விஷயம்.

கையெழுத்துதான் உண்மையான தடை. நான் கண்ட வழி இது: ஏற்கெனவே அச்சில் வந்த ஒரு கடிதத்தின் மூலத்தைக் கேட்டு வாங்கி, அச்சையும் மூலத்தையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துப் படிப்பது. சொல்லின் நடுவில் வரும் நீண்ட ‘எஸ்’ பார்ப்பதற்கு ‘எஃப்’ மாதிரியே இருக்கும். அடிக்கடி வரும் சொற்களைச் சுருக்கி, கடைசி எழுத்தை மேலே தூக்கிச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். மாதத்தின் பெயரை எழுதாமல் ‘இந்த மாதம்’, ‘போன மாதம்’ என்று லத்தீன் சுருக்கத்தில் குறிப்பார்கள். இதெல்லாம் ஒரு ஆளின் கையில் பழகிவிட்டால் அவருடைய எல்லாக் கடிதங்களும் திறந்துவிடும். அடுத்த ஆளின் கைக்குப் போனால் மறுபடி அரிச்சுவடியிலிருந்துதான்.

அப்போது உறை என்று தனியாக இல்லை. ஒரே தாளை மடித்து, வெளிப்பக்கம் முகவரி எழுதி, மெழுகு வைத்து ஒட்டிவிடுவார்கள். பிரிக்கும்போது ஒட்டிய இடம் கிழிந்து, அதனோடு ஒன்றிரண்டு சொற்களும் போய்விடும். நான் பார்த்த ஒரு தாளில் அந்த ஓட்டை சரியாக ஒரு வாக்கியத்தின் வினைச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. போனாரா, போகப்போகிறாரா என்று தெரியவில்லை. கிழிந்த துண்டு சில சமயம் எதிர்ப்பக்கத்து மெழுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று வாசிப்பறை ஊழியர் சொன்னார். தாளை மெல்லத் திருப்பிப் பார்த்தேன், சிவப்பு மெழுகின் மேல் பழுப்பு மையில் மூன்று எழுத்து இருந்தது. போயிருக்கிறார்.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு தாளில் குறிப்பு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மகனுக்கும் ஜேம்ஸ் ஐர்டெல் என்றே பெயர். 1788ல் பிறந்தவர், பிற்பாடு மாநில கவர்னர் ஆனார். அப்பா, மகன் இருவர் தாள்களும் ஒரே தொகுப்பில் கலந்திருக்கின்றன, எனவே தேதியில்லாத கடிதத்தை அவசரப்பட்டு யார் கணக்கிலும் எழுதவேண்டாம். மைத்துனர் சாமுவேல் ஜான்ஸ்டன் வேறு, சுப்ரீம் கோர்ட்டில் சிறிது காலம் உடன் இருந்த தாமஸ் ஜான்சன் வேறு. மைத்துனரையும் அண்ணன் தம்பி என்றுதான் அக்காலத்தில் எழுதினார்கள்.

இந்த உறவுமுறை பிடிபட்ட பிறகுதான் ஐர்டெலின் தம்பி ஆர்தரின் கடிதம் எனக்கு முழுசாக ருசித்தது. 1774 அக்டோபரில் எடென்டன் பெண்கள் 51 பேர் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அது லண்டன் பத்திரிகைகளில் வந்தது. அங்கிருந்த ஆர்தர் 1775 ஜனவரி 31 அன்று அண்ணனுக்கு எழுதுகிறார்: எடென்டனில் பெண்களுக்கும் தனிக் காங்கிரஸ் (குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய சபைக்கு அந்தப் பெயர்) உண்டா, ஜான்ஸ்டன் என்ற பெயரைப் பார்த்தேனே, என் சகோதரி (அண்ணி ஹன்னாவைத்தான் சொல்கிறார்) வீட்டுப் பெண்களா என்று கிண்டல். வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பத்தியாக வரும் நிகழ்ச்சி இங்கே அண்ணன் தம்பி வம்பளப்பாக வருகிறது. அந்தப் பெண்கள் எவ்வளவு துணிந்தார்கள் என்பது, சொந்தக் கொழுந்தனே கேலி செய்வதைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் அதிக நேரம் செலவழித்தது 1790க்குப் பிந்தைய சுற்றுப்பயணக் கடிதங்களில். 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டப்படி சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் தலைநகரில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. நாட்டைக் கிழக்கு, நடு, தெற்கு என்று மூன்று சர்க்யூட்டாகப் பிரித்து, வருஷத்துக்கு இருமுறை நேரில் போய் விசாரிக்கவேண்டும். ஐர்டெலுக்குத் தெற்கு: சார்ல்ஸ்டன், கொலம்பியா, சவானா, அகஸ்டா, நியூபெர்ன். ஒரு சுற்று 1,000 மைலுக்கு மேல், குதிரை வண்டியில், ஆற்றைக் கடந்து, கிடைத்த சத்திரத்தில் படுத்து. சம்பளம் வருஷத்துக்கு 3,500 டாலர், பயணச் செலவும் அதிலேதான். ஒரே ஆள் தொடர்ந்து தெற்குச் சுற்றையும் போய், மற்ற கடமைகளையும் மனசாட்சியோடு செய்ய முடியாது என்று தலைமை நீதிபதி ஜான் ஜேக்கு அவர் எழுதினார். 1792ல், ஒரு நீதிபதியை அவர் சம்மதமில்லாமல் அடுத்தடுத்து அதே சுற்றுக்கு அனுப்பக்கூடாது என்று சட்டம் வந்தது. 1793ல், ஒரு சர்க்யூட்டுக்கு இரண்டு நீதிபதிகளுக்குப் பதில் ஒருவர் போதும் என்றாயிற்று.

அலுவல் கடிதத்தில் இதெல்லாம் மனு நடையில் இருக்கும். அதே மாதத்தில் ஹன்னாவுக்குப் போன கடிதத்தை அருகில் வைத்துப் பாருங்கள். அங்கே மோசமான சாலை, குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள், கடைசியாக உன் கடிதம் எந்தத் தேதியிட்டது வந்தது, அடுத்து எந்த ஊருக்கு எழுதினால் என் கைக்குக் கிடைக்கும். மனுவில் ‘கடமை’ என்று நிற்கும் சொல்லுக்குள் என்ன இருந்தது என்பது இந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், குடும்பக் கடிதம் தனி, தொழில் கடிதம் தனி என்று பிரித்துப் படிக்காதீர்கள். தேதியை மட்டும் பாருங்கள். நான் பழைய காலண்டர் போல ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு வாரத்திலும் அவர் எந்த ஊரில், எந்த வழக்கில், யாருக்கு எழுதினார் என்று நிரப்பினேன். வீட்டில் எல்லாரும் சேர்ந்திருந்த மாதங்கள் காலியாகவே இருக்கும், அதற்காகப் பதறவேண்டாம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் கடிதம் எழுதிக்கொள்வதில்லை.

அந்த அட்டவணை எனக்குத் தந்த பெரிய பலன் சிஷோம் வழக்கு. தென் கரோலினா வியாபாரி ஒருவர் யுத்த காலத்தில் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சரக்கு கொடுத்தார், பணம் வரவில்லை. தனிமனிதர் ஒரு மாநிலத்தின் மேல் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போடலாமா என்பது கேள்வி. 1793 பிப்ரவரியில் நான்கு நீதிபதிகள் போடலாம் என்றார்கள். ஐர்டெல் ஒருவர்தான் மாறுபட்டார். இரண்டே வருஷத்தில், 1795ல், அரசியல் சாசனத்தின் பதினோராவது திருத்தம் வந்து அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை அடித்துவிட்டது. இதைப் புத்தகத்தில் படித்தபோது வெறும் மாநில உரிமைக் கோட்பாடாகத் தெரிந்தது. இந்த வழக்கின் முந்தைய வடிவத்தை 1791 இலையுதிர்காலத்தில் ஜார்ஜியா சர்க்யூட்டில் உட்கார்ந்து விசாரித்துத் தள்ளியவர்களில் ஐர்டெலும் ஒருவர். ஜார்ஜியாவின் சாலைகளையும் ஆட்களையும் நேரில் பார்த்துவிட்டு வந்தவர் எழுதிய தீர்ப்பு அது. பயணக் கடிதங்களோடு சேர்த்துப் படித்த பிறகு, அந்த மாறுபட்ட தீர்ப்பின் நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது.

படிக்கக் கஷ்டமான இடங்களையும் சொல்லவேண்டும். ஐர்டெல் அடிமைகளை வைத்திருந்தவர். 1788ல், புதிய அரசியல் சாசனத்தை ஏற்பதா என்று வட கரோலினா விவாதித்த ஹில்ஸ்பரோ மாநாட்டில், அடிமைமுறை முழுதாக ஒழியும் நாள் பெருந்தன்மையுள்ள எவருக்கும் மகிழ்ச்சி தரும் என்று பேசியவரும் அவரே. அந்த நாளை அவர் தன் வீட்டில் கொண்டுவரவில்லை. கடிதங்களில் அந்த மனிதர்கள் குடும்பப் பெயரில்லாமல், ஒரு வேலையாகவோ ஒரு செய்தியாகவோ வந்து போவார்கள். அவர்கள் பெயர் வரும் ஒவ்வொரு இடத்தையும் என் அட்டவணையில் தனி நிறத்தில் குறித்தேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். இல்லாவிட்டால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

1798ஆம் ஆண்டுத் தாள்கள் இன்னொரு பாரம். சக நீதிபதி ஜேம்ஸ் வில்சன் சுதந்திரப் பிரகடனம், அரசியல் சாசனம் இரண்டிலும் கையெழுத்திட்டவர். நில ஊகத்தில் மூழ்கி, கடன்காரர்களுக்குப் பயந்து தெற்கே ஓடிவந்து எடென்டனில் தங்கினார். நீதிபதிப் பதவியில் இருக்கும்போதே கடனுக்காகச் சிறைக்கும் போய்வந்தவர். ஆகஸ்ட் 21 அன்று ஹார்னிப்ளோ சத்திரத்தில் இறந்தார். இளம் மனைவிதான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள், அவள் பெயரும் ஹன்னா. மைத்துனர் ஜான்ஸ்டனின் ஹேய்ஸ் தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள். 1906ல்தான் உடலைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சத்திரக்காரக் குடும்பத்துக்கு அடிமையாகத்தான் 1813ல் ஹாரியட் ஜேக்கப்ஸ் பிறந்தார், பின்னாளில் தன் கதையைத் தானே எழுதி அடிமைமுறைக்கு எதிராக நின்றவர். எடென்டன் போனால் 1767ல் கட்டிய கோர்ட் கட்டடத்தையும் ஐர்டெல் வீட்டையும் பார்க்கலாம். வீடு இப்போது மாநில வரலாற்றுச் சின்னம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஸ்பெயிட்டோடு நடந்த 1787 ஆகஸ்ட் கடிதப் போக்குவரத்துதான் என் பதில். ஸ்பெயிட் எழுதியது, ஐர்டெல் பதில் சொன்னது இரண்டுமே அச்சில் இருக்கின்றன, இரண்டு பக்க வாதமும் சூடாக இருக்கும். அடுத்து அதே வருஷத்துக் குடும்பக் கடிதங்கள். பிறகு 1791ஐ முழுசாக, ஒரு தாள் விடாமல். அதற்குள் கையெழுத்து பழகியிருக்கும், மூலத்தைக் கேட்டுப் பதிவு செய்யலாம்.