புனித கான்டிடாவின் மூன்று துளைகள்

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் உன் கல்லறைக்கே நேரில் வந்து நன்றி சொல்கிறேன் என்று புனித கான்டிடாவிடம் நேர்ந்திருந்தேன். போன சனிக்கிழமைதான் அந்தக் கடனைத் தீர்க்க முடிந்தது.

லண்டனிலிருந்து ஆக்ஸ்மின்ஸ்டர் வரை ரயில். அங்கிருந்து டாக்ஸி. போனில் சொன்னது ஒரு தொகை, இறங்கும்போது கேட்டது வேறு. நேர்ச்சைக்கு வந்த இடத்தில் சண்டை வேண்டாமென்று கொடுத்துவிட்டேன். ஆனாலும் வயிறு எரிந்தது. ஆளுயர வேலிகளுக்கு நடுவே ஒரு கார் மட்டுமே போகிற பாதை, விடாத தூறல். டார்செட் மாவட்டத்து விட்சர்ச் கனோனிகோரம் கிராமத்தில் அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும்தான் மனசு அடங்கியது.

உள்ளே யாருமில்லை. கத்தோலிக்கக் கோயில் இல்லை, ஆங்கிலிக்கன் கோயில்தான், அதனாலென்ன. அரைவட்ட வளைவும் கூர்முனை வளைவும் கலந்த பழைய கட்டடம், நின்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. என் கால் நேரே வடக்குச் சிறகுக்குப் போய்விட்டது. அங்கேதான் புனிதையின் 13ஆம் நூற்றாண்டுக் கல்லறை. மேலே கல்பேழை, கீழே முட்டை வடிவில் மூன்று துளைகள். நோயுற்ற கையையோ காலையோ அதற்குள் நீட்டி வேண்டுவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். வர முடியாதவர்களுக்காக அவர்களுடைய துணியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அம்மாவால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. அவர் முழங்காலில் சுற்றியிருந்த துணியை எடுத்துப் போயிருந்தேன்.

மண்டியிட்டு நடுத் துளைக்குள் கையை விட்டேன். கல் சில்லென்றிருந்தது. விளிம்பு மட்டும் வழவழவென்று, எத்தனை பேர் கை பட்டதோ. உள்ளே விரலில் மடித்த காகிதங்கள் தட்டுப்பட்டன. யார் யாரோ எழுதி வைத்த மன்றாட்டுகள். அவற்றின் மேலேயே துணியை வைத்தேன். சொல்ல நினைத்த செபம் எதுவும் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது.

மன்னன் எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்து முழுக்கப் புனிதர்களின் கல்லறைகளை உடைத்துப் போட்டார்கள். தாயே, உன்னை மட்டும் எப்படி விட்டார்கள்? 1900இல் கல்லறையில் விரிசல் விழுந்து திறந்தபோது ஈயப் பேழை இருந்தது. புனிதையின் பெயர் பொறித்தது. உள்ளே நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியின் எலும்புகள். இத்தனை நூற்றாண்டு பேசாமல் அங்கேயே இருந்து, வருகிறவர்களின் வலியைக் கேட்டிருக்கிறாள். என் அம்மாவின் வலியையும் கேட்டாள்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“வச்சியாப்பா?”

“வச்சேம்மா.”

மாடிப்படி ஏறிக்கொண்டே பேசுகிறார் என்பது மூச்சு வாங்கியதில் தெரிந்தது.