மூலையில் மட்டும் குவியும் சிலிகான்

பேனல் பெட்டி மூடிகளுக்குச் சிலிகான் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் விளிம்பு) போடும் வேலையைப் புரோகிராம்படி நகரும் பழைய சிஎன்சி ரவுட்டர் மிஷினுக்கு மாற்றினோம். நேர்க்கோட்டில் கயிறு மாதிரி ஒரே சீராக விழும், நான்கு மூலையிலும் மட்டும் குண்டாகக் குவிந்துவிடும், மூடியை முடுக்கினால் அங்கேதான் பிதுங்கும். நாசில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு முறை மாற்றியும் பார்த்தேன்.

சிலிகானைத் தள்ளும் பம்ப், மிஷினின் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ரிலே சுவிட்சில் இருந்தது. புரோகிராமில் எம்8 போட்டால் ஓடும், எம்9 போட்டால் நிற்கும், நடுவில் ஒரே வேகம். மிஷின் அப்படிப் போவதில்லை. மூலையை நெருங்கும்போது வேகம் குறைந்து, கிட்டத்தட்ட நின்று, திரும்பி மறுபடி வேகம் பிடிக்கிறது. அந்தத் துண்டில் சராசரி வேகம் பாதிதான், அப்போது விழும் சிலிகான் இரண்டு மடங்கு! மிஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் எம்62, எம்67 கட்டளைகள் இருக்கிறதே என்று தோன்றும். அவை அடுத்த கோடு தொடங்கும்போது அவுட்புட்டைச் சரியாக மாற்றும், ஆனால் கோட்டுக்குள்ளே வேகம் ஏறி இறங்குவது அவற்றுக்குத் தெரியாது.

சரி, பம்ப்பையே எக்ஸ், ஒய் மாதிரி மிஷின் நகர்த்தும் இன்னொரு ஆக்சிஸாக, ஏ ஆக்சிஸாக ஆக்கிவிட்டேன். 30 மிமீ உள்விட்டம் உள்ள சிலிண்டர், சுற்றுக்கு 2 மிமீ பிஸ்டனைத் தள்ளும் லீட் ஸ்க்ரூ, அதைச் சின்னச் சின்ன ஸ்டெப்பாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றுக்கு 1414 கன மிமீ தள்ளும், டிரைவரில் சுற்றுக்கு 3200 ஸ்டெப், வகுத்தால் கன மில்லிமீட்டருக்கு 2.26 ஸ்டெப். இதை ஏ ஆக்சிஸின் ஸ்கேலாக (ஒரு அலகுக்கு எத்தனை ஸ்டெப் என்று) கொடுத்தால் ஏ-வுக்குப் பின்னால் எழுதும் எண் நேராகக் கன மில்லிமீட்டர். கோடு 3 மிமீ அகலம், 2 மிமீ உயரம் என்றால் 100 மிமீக்கு 600. ஆக, நேர்க்கோட்டு நகர்வுக்கான கட்டளை ஜி1 எக்ஸ்100 ஏ600 எஃப்1200. எஃப் என்ற வேகம் இங்கே எக்ஸ், ஒய் நகர்வுக்குத்தான், ஏ கூடவே வந்து அதே நேரத்தில் முடியும், மிஷின் மெதுவானால் பம்ப்பும் மெதுவாகும். ஏ-வின் அதிகபட்ச வேகத்தையும் ஆக்சிலரேஷனையும் மட்டும் தாராளமாக வையுங்கள், இல்லாவிட்டால் அதற்காக எக்ஸும் ஒய்யும் சேர்ந்து மெதுவாகிவிடும்.

மூலை அன்றைக்கே சரியானது. அப்புறம்தான் ஹோஸ் படுத்திய பாடு. ஒன்றரை மீட்டர் ஹோஸ், பிஸ்டன் தள்ளும்போது அதன் மேல் விரலை வைத்தால் உப்புவது நன்றாகத் தெரியும். அது உப்பி முடிக்கும் வரை நாசிலில் ஒன்றும் வராது, பம்ப் நின்ற பிறகு சுருங்கிக்கொண்டே வால் மாதிரி ஒழுக விடும். புரோகிராமில் எவ்வளவு சமாளித்தும் பிடிபடவில்லை. கடைசியில் சிலிண்டரையே மேலும் கீழும் நகரும் இசட் ஹெட்டில் ஏற்றி ஹோஸைக் கழற்றிவிட்டேன். இப்போது நகரும் முன் ஏ40, கடைசி 6 மிமீ ஏ இல்லாமல், முடிந்ததும் ஏ-வை 60 பின்னால் இழுப்பது, அடுத்த மூடிக்கு அந்த 60-ஐயும் சேர்த்துத் தள்ளுவது. இந்த எண்கள் என் சிலிகானுக்கு, என் நாசிலுக்கு, உங்களுடையதை அட்டையில் நாலு கோடு போட்டுப் பார்த்துப் பிடியுங்கள்.

கோடு தொடங்கிய இடமும் முடியும் இடமும் சேரும் புள்ளியில் இன்னும் ஒரு சின்ன மேடு நிற்கிறது. அந்தச் சேர்மானத்தை மூலையிலிருந்து நேர்க்கோட்டின் நடுவுக்குத் தள்ளி இந்த வாரம் ஓட்டிப் பார்க்கிறேன்.