கோப்பு போய்ச் சேர்ந்தது, பக்க விதிகள் சேரவில்லை

சென்ற மாதம் ஒரு கட்டுரைத் தொகுப்பை வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் வடிவமைத்து, அச்சகத்தார் கேட்டபடி வேர்டு கோப்பாகச் சேமித்து அனுப்பினேன். அவர்கள் பிழை திருத்தித் திருப்பி அனுப்பியபோது உரையில் ஓர் எழுத்தும் குறைந்திருக்கவில்லை. ஆனால், 'அத்தியாயத் தொடக்கம்', 'உள்பக்கம்' என்று நான் பெயரிட்டிருந்த பக்கப் பாணிகளை (தாளின் அளவு, ஓரம் போன்ற பக்க அமைப்புகளின் தொகுப்புகளை) காணவில்லை. அவற்றின் இடத்தில் 'கன்வெர்டட்1', 'கன்வெர்டட்2' என்று புதிய பெயர்கள் வரிசையாக நின்றன.

ரைட்டரில் பக்கத்துக்கென்றே தனிப் பாணி உண்டு; ஒரு பக்கம் நிரம்பியதும் அடுத்து எந்தப் பாணி வர வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே குறிக்கப்பட்டிருக்கும். வேர்டில் பக்கப் பாணி என்ற ஒன்றே கிடையாது. தாளின் அளவு, ஓரம், ஹெடர் ஆகிய அனைத்தும் அங்கே ஆவணத்தைப் பிரிக்கும் பகுதியான செக்‌ஷனுக்கு உரியவை. ஆகவே, கோப்பு மாறும்போது விதியால் விளைந்த தோற்றம் ஓரளவு எஞ்சுகிறது, விதி அழிந்துவிடுகிறது.

பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனித்து நிற்பதை என்னால் பொறுக்க முடியாது. அதைத் தடுக்க, பக்கத்தின் அடியில் குறைந்தது எத்தனை வரி, தலையில் எத்தனை வரி என்று ரைட்டரில் தனித்தனியே எண் கொடுக்கலாம். நான் 3 என்று வைப்பேன். வேர்டில் இது வேண்டும், வேண்டாம் என்ற தேர்வு மட்டுமே. வேண்டும் என்றால் 2 வரி. என்னுடைய 3 போய் அமர அங்கே இடமில்லை. ஒரு பக்கத்தில் ஒரு வரி நகர்ந்தாலும் அதன் பின்னுள்ள பக்கங்கள் எல்லாம் நகரக்கூடும்.

ரைட்டரின் கோப்பு வடிவமான ஓடிஎஃப் 2006இலும் வேர்டின் கோப்பு வடிவமான ஓஓஎக்ஸ்எம்எல் 2008இலும் ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டு அமைப்பின் தரங்களாயின. ஓரத்தையும் இடைவெளியையும் கோப்பில் எப்படிக் குறிப்பது என்பதை அவை நன்றாகவே வகுத்துள்ளன. ஆனால், ஒரு வரியை எந்தச் சொல்லோடு முடிப்பது என்பது இறுதியில் அந்தந்த மென்பொருளின் கணக்கு. தமிழில் இது கூடுதலாக வலிக்கிறது. காலிப்ரி என்ற ஆங்கில எழுத்துரு இல்லாத கணினியில், எழுத்தின் அகலம் மாறாத கார்லிட்டோ எழுத்துரு கைகொடுக்கும். தமிழ் எழுத்துருவான லதாவுக்கு அப்படியொரு மாற்றை நான் கண்டதில்லை. நம் சொற்களோ நீளமானவை. வரியில் இம்மியளவு இடம் குறைந்தாலும் முழுச் சொல்லும் கீழே இறங்கிவிடுகிறது.

இப்போது அச்சுக்குப் பிடிஎஃப் மட்டுமே அனுப்புகிறேன். வேர்டு கோப்பைத் திருத்தம் குறிக்க மட்டும் தருகிறேன். திரும்பி வரும் திருத்தங்களை என் மூலக் கோப்பில் ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றுகிறேன். இந்தத் தொகுப்புக்கு அந்த வேலை இரண்டு மாலைப்பொழுதுகளை எடுத்துக்கொண்டது.